எண்ணாத தோட்டத்தில் ஏறும் நோய்

விடியற்காலையில் தன் வெண்டைத் தோட்டத்துள் நுழையும் உழவன், நேற்றுவரை பச்சை மாறாதிருந்த செடிகளுள் இரண்டொன்றின் கொழுந்திலைகளில் நரம்புகள் மட்டும் மஞ்சள் நூலால் வலை பின்னினாற்போல் வெளுத்திருக்கக் காண்கின்றான். நூற்றில் இரண்டுதானே என்று கடந்து செல்கின்றான். அடுத்த கிழமை அஃது எட்டாகின்றது; அதற்கடுத்த கிழமை முப்பதாகின்றது. முதற்பறிப்புக்குக் கூடையுடன் பெண்டிர் வந்து நிற்கும் நாளில் தோட்டம் முழுவதும் மஞ்சட்காடாய் நிற்கின்றது. காய்கள் வெளிறிக் குறுகி நாரேறிச் சந்தையில் கேட்பாரற்றுக் கிடக்கின்றன. அப்பொழுதுதான் அவன் கடைக்கு ஓடுகின்றான். ஒரு புட்டியை வாங்கி வந்து 'மருந்து' அடிக்கின்றான். செடி பிழைப்பதில்லை; கடன் மட்டும் தழைக்கின்றது.

இக்கேடு மழை பொய்த்து வந்ததன்று; உழைப்புக் குறைந்து வந்ததுமன்று; எண்ணாமையால் வந்தது. தொகை காண்பதையும் ஆழ்ந்து நினைப்பதையும் 'எண்ணுதல்' என்னும் ஒரே சொல்லால் குறிக்கும் மொழி தமிழ். எண்ணிக்கை இல்லாத இடத்தில் எண்ணமும் இல்லை என்பதை இச்சொல்லே அறிவுறுத்தி நிற்கின்றது. நூற்றில் இரண்டு என்று கண்ட அன்றே அவ்விரண்டும் எந்த மூலையில் நிற்கின்றன, பக்கத்துத் தோட்டத்தில் எத்தனை, ஊர் முழுவதும் எத்தனை என்று எண்ணியிருப்பின், அவ்வுழவன் தோட்டத்தைப் பெரும்பாலும் காத்திருக்கலாம். தோட்டப்பயிர்களில் நோய்க் கணக்கெடுப்பு என்பது ஏதோ அலுவலகக் கோப்பை நிரப்பும் வேலையென்று கருதுவார் பலர். அஃது உழவனின் அடுப்பெரியுமா அணையுமா என்பதை உறுதிசெய்யும் வேலை.

வெண்டையைப் பற்றும் இந்நோய்க்கு மஞ்சள் நரம்புத் தேமல் என்று பெயர். மாந்தர் தோலில் படரும் தேமலைக் கண்ட கண்ணே இலையில் படரும் வெளுப்பையும் கண்டு, அதே பெயரை இதற்கும் இட்டது. இந்நோய் இன்று நேற்று வந்ததன்று. 1924ஆம் ஆண்டிலேயே பம்பாய் மாகாணத்தில் குல்கர்ணி என்னும் ஆய்வாளர் இதனைக் கண்டு எழுதினார். இதனைச் செடிவிட்டுச் செடி கொண்டு செல்வது வெள்ளை ஈ என்னும் பூச்சியே என்பதைக் கபூர், வர்மா என்னும் இருவர் 1950இல் ஆய்ந்து வெளிப்படுத்தினர். நோய்க்கு முதல் பூஞ்சையன்று, புழுவன்று, கண்ணுக்குத் தோன்றாத நச்சுயிரி. ஆங்கிலத்தார் 'வைரசு' எனக் கடன்கொண்ட சொல்லுக்கு இலத்தீன் மொழியில் நஞ்சு என்பதே பொருள். ஆகலின், 'நச்சுயிரி' என்னும் தமிழ்ச்சொல் பொருளை ஒளிக்காமல் உள்ளதை உள்ளவாறு காட்டுவதாகும்.

இந்நச்சுயிரி இரண்டு உருண்டைகள் ஒட்டிப் பிறந்தாற்போன்ற இரட்டை உருவினது. இதன் இனத்தை அறிவியலார் பெகோமோ நச்சுயிரிகள் என்பர். வெண்டையில் நோயை முழுமையாக விளைவிக்க இதற்கு ஒரு துணையும் வேண்டும். நச்சுயிரியின் மரபுப்பொருளில் ஏறத்தாழப் பாதியளவே உள்ள ஒரு சிறு துணைத்துண்டு அதனுடன் சேர்ந்தே இந்நோயை உண்டாக்குகின்றது என்னும் அரிய உண்மையை 2003ஆம் ஆண்டில் உலகுக்கு உரைத்தவர்கள் மதுரை காமராசர் பல்கலைக்கழகத்து ஆய்வாளர்கள். தமிழ் மண்ணில் கண்டறியப்பட்ட உண்மை இது. தமிழர் பெருமைப்படத் தக்கது. ஆயினும் அஃது ஆங்கில ஆய்விதழில் ஆங்கிலத்தில் வெளிவந்தது. மதுரைக்குப் பக்கத்திலேயே வெண்டை பயிரிடும் உழவனுள் எத்தனை பேர் செவிக்கு அச்செய்தி எட்டியிருக்கும்?

நோயைச் சுமந்து திரியும் வெள்ளை ஈ உண்மையில் ஈ இனத்தைச் சேர்ந்ததன்று; அசுவினிக்கும் தத்துப்பூச்சிக்கும் உறவினது; சாறுறிஞ்சி. ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் நீளமே உடையது. 1889இல் கிரேக்க நாட்டில் புகையிலைச் செடியில் கண்டு அறிவியலார் இதனை முதன்முதல் பதிந்தனர். இன்று உலகின் வெப்ப நாடுகள் எங்கும் பல நூறு வகைச் செடிகளில் இது வாழ்கின்றது. இலையின் அடிப்புறத்தில் முட்டையிட்டு, அங்கேயே குஞ்சு பொரித்து, அங்கேயே வளர்கின்றது. நோயுற்ற செடியின் சாற்றை உறிஞ்சும்போது நச்சுயிரி அதன் குடலுள் புகுந்து, உடலினூடே சென்று, உமிழ்நீர்ச் சுரப்பியை அடைகின்றது. அதன்பின் அந்த ஈ அடுத்தடுத்துக் குத்தும் நலமான செடிகளுக்கெல்லாம் உமிழ்நீரோடு நச்சுயிரியும் செல்கின்றது. ஒருமுறை நச்சுயிரியை ஏற்ற ஈ நெடுநாள் அதனைச் சுமந்து பரப்பவல்லது. வெயில் காய்ந்து வானம் வறண்ட காலத்தில் இதன் தொகை பெருகும். பெருமழை அதனை அடித்துக் குறைக்கும். கோடை வெண்டையில் நோய் மிகுவதற்கு இதுவே கரணியம்.

வெண்டை ஒன்றோடு இதன் வேலை முடிவதில்லை. தக்காளியில் இலைச்சுருள், மிளகாயில் இலைச்சுருள், பூசணியில் மஞ்சள் நரம்புத் தேமல், அவரையில் மஞ்சள் தேமல், மரவள்ளியில் தேமல் என வேறுவேறு நச்சுயிரிகளை இதே பூச்சியினமே தாங்கிச் செல்கின்றது. துத்தியும் மணத்தக்காளியும் போன்ற வரப்போரச் செடிகள், பயிரில்லாக் காலத்தில் இதற்கு உண்டியும் உறையுளும் அளிக்கின்றன. வெண்டையை மட்டும் எண்ணி வரப்பை எண்ணாதவன் திருடனைத் தெருவில் தேடிக் கொல்லைக் கதவைத் திறந்து வைத்தவனாவான்.

இந்நோயின் இயல்பில் உழவனை ஏமாற்றும் ஒரு நுட்பம் உண்டு. ஈ குத்திய அன்றே இலை மஞ்சளாவதில்லை. நச்சுயிரி செடிக்குள் பெருகி நரம்பை வெளுக்கச் செய்ய ஏறத்தாழ இரண்டு கிழமை ஆகின்றது. ஆகலின், இன்று கண்ணிற் படும் மஞ்சள் இரண்டு கிழமைக்கு முன் நிகழ்ந்த படையெடுப்பின் தழும்பே. இன்று நோயற்றனபோல் நிற்கும் செடிகளுள் எத்தனை உள்ளே நோயைச் சுமக்கின்றன என்பது கண்ணுக்குத் தெரியாது. எனவேதான் நோயுற்ற செடியை மட்டும் எண்ணினாற் போதாது. ஈயையும் எண்ணல் வேண்டும். செடி சென்ற கிழமைகளின் கதையைச் சொல்லும். ஈ வருங்கிழமைகளின் கதையைச் சொல்லும்.

காலத்தின் அருமையை இழப்பின் அளவே காட்டும். 1974இல் வெளிவந்த இந்திய ஆய்வொன்று, நோய் பற்றும் பருவத்திற்கேற்ப வெண்டை விளைச்சலில் 50 முதல் 94 விழுக்காடு வரை இழப்பு நேர்வதைக் காட்டியது. இளஞ்செடியில் பற்றினால் ஏறத்தாழ முழு இழப்பு. காய்ப்புக்கு வந்தபின் பற்றினால் பாதியேனும் கைக்கு வரும். எனவே, முளைத்த முதல் ஒரு திங்கள் காவல் வெண்டைக்கு உயிர்க்காவல். அந்த ஒரு திங்களில் எண்ணாத எண்ணிக்கையை அதன்பின் எத்துணை எண்ணியும் பயனில்லை.

கணக்கெடுப்பு என்றவுடன் பெருங்கருவிகளும் பட்டம் பெற்றோரும் வேண்டும் என்று மலைக்க வேண்டுவதில்லை. மின்னணு நுண்ணோக்கியும் மரபுப்பொருள் ஆய்வும் நச்சுயிரியின் இனத்தை உறுதிசெய்யத் தேவை. அவை ஆய்வகத்தின் வேலை. தோட்டத்தின் வேலைக்குக் கண்ணும் காலும் ஓர் ஏடும் எழுதுகோலும் போதும். வரப்போரச் செடிகளை மட்டும் பார்த்துத் திரும்பாமல், தோட்டத்தைக் குறுக்கும் நெடுக்குமாக வளைந்து வளைந்து கடந்து, ஐந்து இடங்களில் நிற்றல் வேண்டும். ஒவ்வோரிடத்திலும் தொடர்ந்தாற்போல் இருபது செடிகளைப் பார்த்தல் வேண்டும். நல்லதைத் தேடியோ கெட்டதைத் தேடியோ செல்லாமல், வரிசையில் நின்றதை நின்றபடி பார்ப்பதே நேர்மையான கணக்கு. ஐயிருபது நூறு, அந்நூற்றில் நோயுற்றவை எத்தனையோ அத்தனையே விழுக்காடு. வகுத்தல் பெருக்கல்கூட வேண்டுவதில்லை.

ஈயை எண்ணுதற்கு வெயில் ஏறுமுன் செல்லல் வேண்டும். வெயில் ஏறினால் தொட்டவுடன் பறந்துவிடும். மேலிலை ஒன்று, நடுவிலை ஒன்று, கீழிலை ஒன்று எனச் செடிக்கு மூன்றிலைகளை மெல்லத் திருப்பி அடிப்புறத்தைப் பார்த்து எழுதல் வேண்டும். மஞ்சள் நிறம் வெள்ளை ஈயை ஈர்ப்பது. ஆகலின், மஞ்சள் தகட்டில் பசை தடவிச் செடியின் உயரத்திற்கு நட்டுவைத்தால், அதில் ஒட்டிய ஈக்களின் தொகை கிழமைதோறும் ஏறுகின்றதா இறங்குகின்றதா என்பதை அத்தகடே சொல்லும். இவற்றோடு விதைத்த நாள், விதையின் வகை, பக்கத்துப் பயிர், வரப்பிலுள்ள களைகள், அடித்த பூச்சிக்கொல்லி ஆகியவற்றையும் குறித்துவைத்தால், ஓர் ஊரின் ஏட்டைப் பார்த்தே நோய் எத்திசையிலிருந்து வந்தது, எவ்வகை விதை தாங்கியது, எவ்வகை வீழ்ந்தது என்று கூறிவிடலாம்.

எண்ணுவோர் கண் தேர்ந்ததாக இருத்தலும் வேண்டும். மஞ்சளெல்லாம் தேமலன்று. மண்ணில் இரும்பு குறைந்தாலும் இளவிலை மஞ்சளாகும். ஆயின் அப்பொழுது நரம்பு பச்சையாக நிற்க, நரம்புகளுக்கு இடைப்பட்ட பரப்பே மஞ்சளாகும். தேமலிலோ இதற்கு நேர்மாறாக, நரம்பு மஞ்சளாக, இடைப்பரப்பு தொடக்கத்தில் பச்சையாக நிற்கும். தத்துப்பூச்சி உறிஞ்சினால் இலையின் ஓரம் வெளுத்துச் சுருளும். இம்மூன்றுக்கும் தீர்வு வெவ்வேறு. ஒன்றை மற்றொன்றாகக் கொண்டவன் இரும்பிட வேண்டிய இடத்தில் நஞ்சடிப்பான். செடியைப் பிடுங்க வேண்டிய இடத்தில் உரமிடுவான்.

இங்கேதான் சொல் உழவனின் வாழ்வில் நேரே குறுக்கிடுகின்றது. பூச்சியைக் கொல்லும் நஞ்சுக்கு உழவர் வழக்கில் 'மருந்து' என்று பெயர் நிலைத்துவிட்டது. 'மருந்தடித்தாயிற்றா?' என்றுதான் ஒருவரையொருவர் கேட்கின்றனர். மருந்து என்றால் நோயைத் தீர்ப்பது, நோயுற்றதைத் தேற்றுவது. அப்பெயரைக் கேட்டு வளர்ந்த நெஞ்சம் மஞ்சளான செடிக்கு அதனை அடித்தால் செடி பச்சையாகும் என்று நம்புவதில் வியப்பென்ன? நச்சுயிரி பற்றிய செடியைத் தேற்றும் மருந்து எந்தக் கடையிலும் இல்லை. விற்கப்படுவது ஈயைக் கொல்லும் நஞ்சு மட்டுமே. அதனை நஞ்சு என்று அழைத்திருந்தால், கையுறையின்றிக் கலக்கவும் மூக்கை மூடாமல் அடிக்கவும் உழவன் அஞ்சியிருப்பான். செடி பிழைக்குமென்று காசைக் கரைக்கவும் தயங்கியிருப்பான். ஒரு பிழையான சொல் பொருளையும் மாய்க்கும், உடலையும் மாய்க்கும்.

உழவன் உடலோடும் அது நிற்பதில்லை. காய்ப்புக்கு வந்த வெண்டையை ஒருநாள் விட்டு ஒருநாள் பறித்தாக வேண்டும், இல்லையேல் முற்றிவிடும். இன்று மாலை நஞ்சடித்து நாளை மறுநாள் காலை பறித்த காய், அன்றே சந்தைக்குச் சென்று, மறுநாள் குழந்தையின் தட்டில் பொரியலாகின்றது. மேலும், செயற்கைப் பைரித்திராய்டு வகை நஞ்சுகளை மீண்டும் மீண்டும் அடிப்பதால், வெள்ளை ஈயை உண்டு வாழும் பொறிவண்டும், பச்சைக் கண்ணாடி இறக்கைப் பூச்சியும், அதன் குஞ்சுகளுள் முட்டையிட்டு அழிக்கும் நுண்குளவியும் முதலில் மடிகின்றன. காவலரை இழந்த தோட்டத்தில் ஈ முன்னினும் பெருகுகின்றது. எண்ணாமல் அடித்த நஞ்சு, பகைக்கு ஊட்டமாய் முடிகின்றது.

நோய் தாங்கும் வகைகளை விதைத்தால் போதாதோ, எண்ணுவானேன் என்று கேட்பாரும் உளர். வரலாறு அவர்களுக்கு விடை கூறுகின்றது. தில்லி ஆய்வு நிறுவனத்தார் உருவாக்கிய பூசா சவானி என்னும் வெண்டை வகை, வெளிவந்த காலத்தில் மஞ்சள் நரம்புத் தேமலைத் தாங்கி நின்றது, நாடெங்கும் பரவியது, பின்னர் அத்தாங்குதிறனை இழந்தது. அதன்பின் காட்டுவெண்டை இனத்தோடு ஒட்டுறவு செய்து பெங்களூரில் உருவாக்கிய அர்க்கா அனாமிகா முதலிய வகைகள் வந்தன. அவற்றிலும் பின்னாளில் நோய் பதியப்பட்டது. நச்சுயிரி ஓரிடத்தில் நிற்பதன்று; மாறிக்கொண்டே வருவது. எந்த வகை எந்த ஊரில் எந்த ஆண்டில் தளரத் தொடங்கியது என்பதைத் தொடர்ந்த கணக்கெடுப்பே முன்கூட்டிச் சொல்லும். அக்கணக்கு இல்லையேல், தளர்ந்த விதையையே நல்விதையென்று விலைகொடுத்து வாங்கி உழவர் ஆண்டுக்காண்டு ஏமாறுவர்.

பூச்சியும் மாறுகின்றது. 1999இல் கருநாடகத்தின் கோலார்ப் பகுதியில் தக்காளி இலைச்சுருள் கட்டுக்கடங்காமல் பரவியபோது, அங்குப் பெருகியிருந்தது பழைய வெள்ளை ஈயன்று, இந்தியாவில் அதுவரை பதியப்படாத வேறொரு வகை என்பதை ஆய்வாளர் கண்டனர். தோட்டத்திற்குச் சென்று ஈயைப் பிடித்து ஆய்ந்ததால்தான் அது வெளிப்பட்டது. கோலாருக்கும் தமிழகத்துக் கிருட்டிணகிரித் தக்காளித் தோட்டங்களுக்கும் இடையே மலையுமில்லை, கடலுமில்லை. ஒரு மாநில எல்லைக்கோடுதான் உண்டு. வெள்ளை ஈ அக்கோட்டை அறியாது.

கடலும் இதற்குத் தடையன்று. 1995இல் புதுதில்லிப் பெயரால் பதியப்பட்ட தக்காளி இலைச்சுருள் நச்சுயிரி ஒன்று, 2012இல் இசுபெயின் நாட்டின் தென்பகுதியில் சீமைச்சுரைக்காய்த் தோட்டங்களில் கண்டறியப்பட்டது. சில ஆண்டுகளில் இத்தாலியையும் எட்டியது. தக்காளியின் பெயர் கொண்ட நோய் சுரையினத்தில் புகுந்ததை அறிந்து ஐரோப்பியர் தம் தோட்டங்களைத் தொடர்ந்து ஆய்ந்து வருகின்றனர். தக்காளியை மட்டும் எண்ணிக்கொண்டிருப்பின் அவர்கள் அதனைக் காணத் தவறியிருப்பர்.

எண்ணியவர் வென்றதற்கும் சான்று உண்டு. கரிபியக் கடலிலுள்ள தொமினிக்கன் குடியரசில் 1990களின் தொடக்கத்தில் தக்காளி மஞ்சள் இலைச்சுருள் நச்சுயிரி புகுந்து தக்காளித் தொழிலையே சாய்த்தது. அங்குள்ளோர் நஞ்சை மட்டும் நம்பவில்லை. ஆண்டில் மூன்று திங்கள், வெள்ளை ஈ விரும்பும் பயிர்களை எவரும் பயிரிடலாகாது என்று கட்டளை வகுத்தனர். அக்கட்டளை பயன் தருகின்றதா என்பதை அறிய, வெள்ளை ஈக்களைப் பிடித்து அவற்றுள் நச்சுயிரி உள்ளதா என்று தொடர்ந்து ஆய்ந்தனர். பயிரற்ற திங்கள்களில் ஈயிலுள்ள நச்சுயிரி குறைவதைக் கண்டு, கட்டளையை உறுதியாகக் கடைப்பிடித்தனர், தக்காளி மீண்டது. ஒருவன் மட்டும் தன் தோட்டத்தை வெறுமையாக இட்டால் அவனுக்கு இழப்பு. ஊரே ஒருங்கே இட்டால் ஊருக்கே ஆக்கம். ஊரை ஒருங்கு கூட்டும் ஆற்றல், எல்லார்க்கும் விளங்கிய ஒரு கணக்குக்குத்தான் உண்டு.

தமிழ்நாட்டில் அறிவுக்குக் குறைவில்லை. 1868இல் சைதாப்பேட்டையில் வித்திட்ட வேளாண் கல்வி, 1906இல் கோவைக்குச் சென்று வளர்ந்து, 1971இல் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகமாக ஓங்கியது. அப்பல்கலைக்கழகம் உழவர்க்கெனத் தமிழில் திங்களிதழ் நடத்துகின்றது. பயிர்க்காப்பு நெறிகளைத் தமிழிலும் வெளியிடுகின்றது. இவை போற்றத் தக்கன. ஆயின், இந்நோய்க்கு இன்னது செய்க என்னும் பொதுநூல் வேறு; இந்தக் கிழமை, இந்த ஊரில், நூற்றுக்கு இத்தனை செடி என்னும் கணக்கு வேறு. முன்னது தமிழில் கிடைக்கின்றது. பின்னது பெரும்பாலும் ஆங்கில அட்டவணையாய் மேலலுவலகம் சென்று, அங்கிருந்து ஆய்வுரையாய் விரிந்து, எண்ணப்பட்ட செடிக்குரிய உழவனைத் தவிர மற்ற எல்லார்க்கும் பயன்படுகின்றது. அவன் தோட்டத்தில் எடுத்த கணக்கு அவனுக்கே திரும்பி வாராதது எவ்வகை முறை?

மொழிக்கும் நோய்க்கும் என்ன தொடர்பு என்று நகைப்போர்க்கு ஒன்று கூறலாம். இரண்டு கிழமையில் தோட்டத்தை விழுங்கும் நோய்க்கு, ஆறு திங்கள் கழித்து அயல்மொழியில் வரும் அறிக்கை, பிணத்துக்கு எழுதிய மருத்துவக் குறிப்பே. கணக்கு காலத்தில் வருதல் வேண்டும். கைக்கு வருதல் வேண்டும். கண்ணுக்கு விளங்குதல் வேண்டும். இம்மூன்றுள் ஒன்று குறைந்தாலும் மற்ற இரண்டும் வீண்.

ஆகவே, அரசின் தோட்டக்கலைத் துறையும் பல்கலைக்கழகமும் செய்யத் தக்கன சில உள. வெண்டை, தக்காளி, மிளகாய், பூசணி, அவரை ஆகியவை மிகுதியாக விளையும் வட்டங்கள்தோறும் விதைப்புக் காலத்திலிருந்து கிழமைக்கொருமுறை நோயையும் ஈயையும் எண்ணும் ஒழுங்கை நிறுவல் வேண்டும். எடுத்த கணக்கை ஏழு நாளுக்குள் ஊராட்சி மன்றச் சுவரிலும், ஒட்டன்சத்திரம் போன்ற காய்கறிச் சந்தைகளின் வாயிலிலும், உழவர் கைப்பேசியிலும் தமிழில் வெளியிடல் வேண்டும். நச்சுயிரி, வெள்ளை ஈ, மஞ்சள் நரம்புத் தேமல், இலைச்சுருள், பூச்சிக்கொல்லி நஞ்சு என ஒரு பொருளுக்கு ஒரே பெயரை எல்லாத் தாள்களிலும் ஆளல் வேண்டும். ஓர் அலுவலர் ஒருவாறும் மற்றவர் வேறுவாறும் கூறி உழவனை மயக்கலாகாது. வேளாண் கல்லூரி மாணவர் பயிற்சிக்காகச் சிற்றூர்களில் தங்கும் நாள்களில், இக்கணக்கெடுப்பை ஊர் இளைஞர்க்குக் கற்பித்து வருதல் வேண்டும். பூச்சிக்கொல்லிப் புட்டியின் மேல் 'இது பூச்சியைக் கொல்லும் நஞ்சு. நோயுற்ற செடியைத் தேற்றாது' என்று பெரிய தமிழெழுத்தில் பொறிக்கச் செய்தல் வேண்டும்.

அரசு செய்யும்வரை உழவர் காத்திருக்க வேண்டுவதில்லை. ஊருக்குப் பத்துப்பேர் கூடினால் போதும். பத்துத் தோட்டத்தையும் ஒரே நாளில் எண்ணி ஒரே ஏட்டில் எழுதலாம். முதல் ஒரு திங்களில் மஞ்சள் கண்ட செடியை ஈ பறவாத விடியலில் மெல்லப் பிடுங்கிப் பையிலிட்டு எடுத்துச் சென்று புதைக்கலாம். பெற்ற பிள்ளையைப் போல் வளர்த்த செடியைப் பிடுங்கக் கை நடுங்கும். ஆயின் அன்று இரண்டைப் பிடுங்காத கை, பின்னர் இருநூற்றையும் இழக்கும். வரப்பிலுள்ள துத்தியைக் களையலாம். தோட்டத்தைச் சுற்றி மக்காச்சோளத்தையோ சோளத்தையோ வேலிபோல் விதைத்து ஈயின் வரவைத் தடுக்கலாம். தக்காளி நாற்றங்காலை நுண்கண் வலையால் மூடலாம். வேப்பங்கொட்டைச் சாற்றை முன்னதாகவே தெளிக்கலாம். எது பயன் தந்தது, எது தரவில்லை என்பதை அந்த ஏடே அடுத்த ஆண்டு சொல்லும். தமிழ் கற்ற இளைஞர் ஒருவர் அவ்வேட்டை எழுத முன்வருவாராயின், அவர் தாய்மொழிக்கும் தாய்மண்ணுக்கும் ஒருங்கே தொண்டு செய்தவராவார். மேடையில் தமிழ் வாழ்க என்று முழங்குவதினும், நூறு செடியை எண்ணி நற்றமிழில் எழுதி ஊர்ச்சுவரில் ஒட்டுவது மொழிக்கு நிலைத்த வாழ்வளிக்கும்.

பயிருக்கு நீர் பாய்ச்சுவதினும் காவலே மேலானது என்று வள்ளுவர் உழவதிகாரத்தில் அறுதியிட்டுரைத்தார். ஆடு மாடு புகாமல் வேலி கட்டுவதே காவல் என்று இருந்த காலம் போயிற்று. வேலியைத் தாண்டிப் பறந்துவரும் பகைக்கு எண்ணிக்கையே வேலி. அறிந்த பெயரே காவற்கோல். எண்ணுக; எண்ணியதை எழுதுக; எழுதியதை ஊரறியத் தமிழில் உரைக்க. மஞ்சள் ஏறுமுன் ஏடு ஏறுக!